ஊதாத விசில்

அத்தியாயம் 4

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆட்களைக் கௌரவ்வா தன் உத்தியோகத்தில் நிறையவே பார்த்திருக்கிறாள். மணல் ஏற்றிய முழு லாரியைப் பட்டப்பகலில், அரசாங்க அலுவலகத்துக்குள்ளிருந்தே மறைத்தவர்களை இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

நவிலகட்டியின் தாலுகா அலுவலகமான மினி விதானசௌதாவின் முற்றத்தில், வேப்பமரத்தடியில், லாரி நின்ற இடம் மட்டும் பத்திரமாக இருந்தது. டயர் அழுத்திய பள்ளம், சுற்றிலும் சிந்திய ஆற்று மணல். அந்த மணலில் ஒரு நாய் சுகமாகச் சுருண்டு படுத்திருந்தது.

"அக்கா, சாட்சி கெடச்சிருச்சு" என்று நாயைக் காட்டினான் மௌலாலி. "இந்த ஆபீஸ்ல உண்மைய சொல்ற ஒரே ஜீவன் இதான் போலிருக்கு. என்ன, ரெண்டு பிஸ்கட் கேக்கும்."

"வாய மூடிட்டு வாடா."

"வாய மூடிட்டா ஜீப்ப எப்படிக்கா ஓட்டறது?"

"ஜீப்ப வாயாலயா ஓட்டற?"

"ஹார்ன் போயி மாசக்கணக்காச்சு. சந்துக்குச் சந்து வாயாலதான் அடிச்சுக்கிட்டு வரேன். ஏஜென்சில சொல்லி மாத்தித் தாங்கன்னா, உனக்குத்தான் வாய் இருக்கேங்கறாங்க."

மௌலாலி அவளுடைய டிரைவர். கௌரவ்வா போலீஸில் ஏட்டம்மாவாக இருந்து, முழங்கால் தேய்ந்து, வெளியே வந்தவள். இப்போது ஒரு தனியார் காவல் ஏஜென்சியில் ஃபீல்டு ஆபீசர். அந்த வட்டாரத்து அரசுக் கட்டடங்களின் வாசலில் நிற்கும் ஒப்பந்தக் காவலர்கள் அத்தனை பேரையும் மேய்ப்பது அவள் வேலை. அதைச் சும்மா செய்யமாட்டாள், திடீர்ச் சோதனை வைப்பாள். சத்தமில்லாமல் போய் நின்று, "என்னப்பா, டீ குடிக்கப் போயிட்டு வந்தியாமே? பரவால்ல, சொல்லு" என்று சிரித்துக்கொண்டே கேட்பாள். "ஆமாங்க்கா" என்று வழிந்தவனுக்கு மெமோ. "உயிரே போனாலும் கேட்டை விட்டு நகரமாட்டேங்க்கா" என்று விறைத்தவனுக்குப் பாஸ். அவளுடைய ஆட்களுக்கு எமனைவிட அந்தச் சிரிப்பைக் கண்டால்தான் பயம்.

இன்றைக்கு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தாசில்தார் ஹள்ளூர் காலையிலேயே அவளைத் தன் அறைக்கு அழைத்து விஷயத்தை முடித்துவிட்டிருந்தார்.

"திருட்டு மணலோட வந்த கொப்பத் டிரான்ஸ்போர்ட் லாரிய நானே ஆத்தங்கரையில நின்னு புடிச்சேன். அந்தக் கொப்பத்துங்கிறவன் கறுப்பா சிவப்பான்னுகூட எனக்குத் தெரியாது. லாரி சாவி இதோ, என் டிராயர்லயே இருக்கு. எவனோ வேற சாவி போட்டு நேத்து மதியம் ஓட்டிட்டுப் போயிட்டான். கேட்டுல உங்க ஆளு நிக்கறான். அவன் கூட்டு இல்லாம லாரி எப்படிம்மா வெளிய போகும்? பறந்தா?"

"கேமரா இருக்கே, சார்?"

"அதுக்குள்ள குருவி கூடு கட்டியிருக்கு."

"ஆபீஸ்ல இருந்தவங்க யாராவது..."

"எல்லாரும் தலை நிமிராம அவங்கவங்க வேலைய பாத்துட்டு இருந்தாங்க."

"அடப் பாவமே" என்று பின்னாலிருந்து முணுமுணுத்தான் மௌலாலி. "அதிசயமா எல்லாரும் வேலை பாத்த ஒரே நாள். அன்னிக்குப் பாத்தா திருட்டு போகணும்?"

தாசில்தார் காதில் அது விழவில்லை, அல்லது விழாத மாதிரி இருந்தார். எஸ்.ஐ. பெட்டகேரி மதியச் சாப்பாட்டுக்கு இங்கேதான் வருகிறாராம். சாப்பிட்டுவிட்டு, கையோடு காவலனை அழைத்துக்கொண்டு போவாராம். நாளை சங்கராந்தி, விடுமுறை. இன்று உள்ளே போனால் ஜாமீனுக்கு யாரைப் போய்ப் பார்ப்பது? திருட்டு வழக்கு ஒன்று மேலே விழுந்துவிட்டால், அப்புறம் எந்த வாசலிலும் அவனை நிறுத்தமாட்டார்கள். மாட்டுக்கொட்டகைக்குக்கூடக் காவல் நிற்க முடியாது.

அந்தக் காவலன் ஃபகீரப்பா, கேட்டுக்குப் பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். நாற்பதைத் தாண்டிய ஆள். அவளைக் கண்டதும் எழுந்து சல்யூட் வைத்தான். ஏஜென்சி கொடுத்த சட்டை அவனுக்கு ஒரு சுற்றுப் பெரிசு, தொப்பி ஒரு சுற்றுச் சிறிசு.

"நேத்து மதியம் எங்க இருந்த?"

"கேட்டுலதாங்க்கா."

"லாரி போனத பாத்தியா?"

"பாக்கலைங்க."

"கேட்டுலதான் இருந்த. மூக்குக்கு முன்னாடி லாரி போயிருக்கு. ஆனா பாக்கலை."

"ஆமாங்க்கா."

மௌலாலிக்குப் பொறுக்கவில்லை. "அண்ணா, அது லாரிண்ணா. கொசு இல்ல."

ஃபகீரப்பா தரையைப் பார்த்தான். அவன் கணக்கு கௌரவ்வாவுக்குப் புரிந்துவிட்டது. ஒப்பந்தக் காவலனுக்குத் தெரிந்த மகாபாவம் ஒன்றே ஒன்றுதான்: வாசலை விட்டு நகர்வது. நகர்ந்தேன் என்றால் வேலை போகும், அது அவனுக்கு மனப்பாடம். திருட்டு, வழக்கு, ஜெயில் எல்லாம் அவன் காணாத ஊர்கள். அதனால் நகரவில்லை என்கிற ஒரு சொல்லையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தான். அந்தச் சொல்தான் தன்னைத் திருடனாக்குகிறது என்பது மண்டையில் ஏறவில்லை. அதை அவனுக்கு மனப்பாடம் செய்வித்தவள் அவள்தான்.

"சரி, விசில் வச்சிருக்கியா?"

"இருக்குங்க."

"ஊது."

ஃபகீரப்பா கழுத்திலிருந்த விசிலை வாயில் வைத்து, கன்னம் புடைக்க ஊதினான். சத்தம் வரவில்லை. வெறும் காற்றுதான் வந்தது. அதோடு சாம்பல் நிறத்தில் புஸ்ஸென்று ஒரு பொடி பறந்து மௌலாலியின் சட்டையில் படிந்தது.

"ஐயோ, அண்ணனுக்குள்ள ஏதோ எரிஞ்சு போச்சு" என்று பின்வாங்கினான் மௌலாலி.

கௌரவ்வா விசிலை வாங்கி உள்ளங்கையில் தட்டினாள். பொடி கொட்டியது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"அக்கா, மத்தவங்க தடயத்த லேபுக்கு அனுப்புவாங்க. நீங்க நாக்குக்கு அனுப்பறீங்க."

"கம்பு மாவு. கசக்கலை. கம்பு மாவு நாலு நாள் வச்சாலே கசந்து போயிரும். இது புத்தம் புதுசு, நேத்து அரைச்சது." அவள் ஃபகீரப்பாவைப் பார்த்தாள். "இன்னிக்குப் போகிக்குக் கம்பு ரொட்டி தட்டணும்னு நேத்து ஊரே மில்லுல நின்னிருக்கும். ஆனா உங்கப்பா போயி இன்னும் வருஷம் திரும்பலை. உன் வீட்டுல இந்த வருஷம் பண்டிகை ஏது? யார் வீட்டுக் கம்பு இது?"

ஃபகீரப்பா விசிலைப் பார்த்தான். ஒரு நொடி சொல்லிவிடுவான் போலிருந்தது. பிறகு அவள் முகத்தில் எதையோ தேடினான். முதுகை நிமிர்த்தினான்.

"நான் கேட்டுலதாங்க்கா இருந்தேன்."

"ஃபகீரப்பா, இது சோதனை இல்லப்பா. நெசமா கேக்கறேன்."

"சரிங்க்கா."

"சோதனை இல்லைங்கறேன்!"

மௌலாலி அவள் காதருகில் குனிந்தான். "போன மாசம் கருவூலத்து வாசல்ல நின்ன கிழவர்கிட்டயும் இதேதான் சொன்னீங்க. 'சோதனை இல்லைய்யா, சும்மா கேக்கறேன்'னு. அவரு நம்பிச் சொன்னாரு. மெமோ வாங்கினாரு. ஊரு பூரா பேச்சு."

கௌரவ்வா ஜீப்பை நோக்கி நடந்தாள்.

மாவு மில் சந்தைக்குப் பின்புறம், ஜீப் நுழையாத சந்தில் இருந்தது. மௌலாலி வண்டியை முனையில் நிறுத்திவிட்டு, வழியில் நின்ற எருமையைப் பார்த்து வாயாலேயே ஹார்ன் அடித்து விலக்கினான். மில் வாசலில் இன்றும் டப்பாக்கள் வரிசை கட்டியிருந்தன. நேற்றே அரைக்காமல் விட்ட பெண்கள், தங்களைத் தவிர மற்ற எல்லாரையும் திட்டிக்கொண்டு நின்றார்கள். உள்ளே மில்காரர் ஈரண்ணா, புருவம் முதல் கால்விரல் வரை மாவாக நின்றார்.

"காக்கிச் சட்டை போட்ட ஆளா?" ஓடுகிற பெல்ட்டின் இரைச்சலுக்கு மேலே அவர் கத்தினார். "மினி விதானசௌதா வாச்மேன்தானே? நேத்து வந்தாரே!"

ஈரண்ணா சொல்லி முடிக்குமுன் வரிசையிலிருந்த ஒரு பெண் பிடித்துக்கொண்டாள். "வந்தாராவது! வரிசையில பூந்தாரு. ஏன்யா, நாங்கல்லாம் மனுஷங்களாத் தெரியலையான்னேன். 'தாசில்தார் சாகேப் வீட்டு மாவும்மா, சாகேப்பே அனுப்பினாரு, சட்டுனு போகணும்'னாரு."

"அப்புறம் சட்டுனு போனாரா?"

"எங்க போறது? டப்பாவ கொட்டினதும் கரண்டு போச்சு. மனுஷன் வாசலுக்கும் உள்ளுக்கும் ஓடறாரு. 'கேட்டுல ஆளில்லவ்வா, கேட்டுல ஆளில்லவ்வா'ன்னு ஒரே பொலம்பல். பாக்கவே பாவமாப் போச்சு. அப்புறம் நானே சொன்னேன், கரண்டு வந்ததும் மொதல்ல இவருக்கு அரைச்சுக் குடுத்துருங்கன்னு. மதியம் தாண்டிதான் போனாரு."

கௌரவ்வாவுக்குச் சட்டென்று மூச்சு லேசானது. நேற்று மதியம் முழுக்க அவன் இங்கே நின்றிருக்கிறான். சாட்சி ஒன்றுக்குப் பத்தாக வரிசையிலேயே இருக்கிறது.

"அவ்வா, இத ஸ்டேஷன்ல வந்து சொல்லுவீங்களா?"

அந்தப் பெண் தன் டப்பாவை நகர்த்தி வைத்தாள். "எதை?"

"இப்ப சொன்னீங்களே, அதை."

"நான் என்ன சொன்னேன்? கரண்டு போச்சுன்னு சொன்னேன். தாசில்தார் ஆபீஸ்ல என் மாமியாரோட விதவைப் பென்ஷன் நிக்குது தாயி." அவள் திரும்பிக்கொண்டாள். பத்துச் சாட்சிகளும் ஒன்றாகத் திரும்பிக்கொண்டன.

"போச்சா?" என்றான் மௌலாலி. "மனுஷங்களுக்கு அந்த நாயே தேவலை."

"வாச்மேன் வந்தா இத குடுத்துருங்க" என்று ஈரண்ணா உள்ளிருந்து ஒரு பெரிய எவர்சில்வர் மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "நேத்து அவசரத்துல டப்பாவ தூக்கிட்டு, மூடிய விட்டுட்டுப் போயிட்டாரு. சாகேப் வீட்டுச் சாமான். தொலைஞ்சா என் தலைதான் உருளும்."

மூடி முழுக்க மாவு அப்பியிருந்தது. விளிம்பில் பொறித்த எழுத்துகள் கொஞ்சம் தெரிந்தன. கௌரவ்வா கட்டைவிரலால் தேய்த்தாள். 'ஸ்ரீமதி சுமங்களா ஹள்ளூர்' என்று வந்தது.

"தாசில்தார் சம்சாரம்! அக்கா, மூடி பேசுது!"

"பேசும்டா. இதுக்குப் பென்ஷன் எதுவும் நிக்கலையே."

மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது. ஜீப்பில் ஏறியதும் மௌலாலி மூடியை மடியில் வைத்து, ஸ்டியரிங் மாதிரி திருப்பி அழகு பார்த்தான். பிறகு சட்டை நுனியால் மிச்சமிருந்த மாவைத் துடைத்தான். துடைத்த கை பாதியில் நின்றது.

"என்னடா?"

"அக்கா, பேரு பாதிதான் படிச்சோம்."

அவன் மூடியை அவள் பக்கம் திருப்பினான். முழு வாசகமும் இப்போது பளிச்சென்று தெரிந்தது. 'ஸ்ரீமதி சுமங்களா ஹள்ளூர் புதுமனை புகுவிழாவுக்கு, கொப்பத் குடும்பத்தாரின் அன்பளிப்பு.'

கௌரவ்வா அதை மறுபடியும் படித்தாள். நல்ல கனமான மூடி. இதன் டப்பா கால் மூட்டைக் கம்பாவது கொள்ளும்.

"கறுப்பா சிவப்பான்னு தெரியாதுன்னாரு" என்றான் மௌலாலி. "எவர்சில்வர்னு மட்டும் தெரிஞ்சிருக்கு."

எல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்தது. கம்பு அரைக்க வீட்டில் வேலைக்காரி இருக்கிறாள், ஆபீசில் பியூன் இருக்கிறான். அவர்களை விட்டுவிட்டு, கேட்டில் நிற்கிறவனை, ஊரே மில்லில் வரிசை கட்டுகிற நாளில் அனுப்பியிருக்கிறார். போனவன் லேசில் திரும்பமாட்டான். வாசல் காலி. சாவியும் டிராயரிலிருந்து தானாகவா நடந்து போய்த் திரும்பியிருக்கும்? லாரியைப் பிடித்தது ஊர் பார்க்க, விட்டது கொப்பத்துக்காக. நடுவில் மாட்டியவன், வாசலை விட்டு நகரவில்லை என்று சத்தியம் செய்கிற ஃபகீரப்பா.

"ஓட்டுடா" என்றாள்.

மௌலாலி வாயாலேயே ஹார்ன் அடித்துச் சந்தையைப் பிளந்துகொண்டு போனான்.

தாசில்தார் அறைக்கு வெளியிலேயே எள் தூவிய கம்பு ரொட்டியின் வாசனை அடித்தது. உள்ளே எஸ்.ஐ. பெட்டகேரி, தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ரொட்டி, கத்தரிக்காய்க் குழம்பு, கடலைச் சட்னி, வழிகிற வெண்ணெய். மூலையில் ஃபகீரப்பா நின்றிருந்தான். அவன் சுமந்து வந்த மாவைத்தான் எஸ்.ஐ. பிட்டுப் பிட்டு விழுங்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க கௌரவ்வா, ஒரு ரொட்டி சாப்பிடுங்க" என்றார் ஹள்ளூர்.

அவள் மூடியை மேஜையில் வைத்தாள். கிண்ணென்று சத்தம் வந்தது.

"நேத்து மதியம் ஃபகீரப்பா கேட்டுல இல்லை சார். மில்லுல இருந்தான். இந்த டப்பாவோட. படிச்சுப் பாருங்க, எஸ்.ஐ. சார். கொப்பத் குடும்பத்தாரின் அன்பளிப்பு."

எஸ்.ஐ. மென்றுகொண்டே குனிந்து படித்தார். தாசில்தார் முகம் வெளுக்கும் என்று அவள் எதிர்பார்த்தாள். வெளுக்கவில்லை. சொல்லப்போனால் மலர்ந்தது.

"அடடே, கெடச்சிருச்சா! இந்த மூடிக்காக நேத்திலேர்ந்து வீட்டுல எனக்குச் சோறு தண்ணியில்லாம திட்டு. கொப்பத்தா? இருக்கலாம். புதுமனைக்கு ஊரே வந்துச்சு. வந்தவங்க ஆளுக்கொரு பாத்திரம் வச்சுட்டுப் போனாங்க. மூடியில பேர் போட்டவனெல்லாம் எனக்கு மாமன் மச்சானா? என்ன பெட்டகேரி?"

"என் வீட்டுல இருக்கற குக்கர்ல ஒரு கொலைகாரன் பேரு இருக்கு சார்" என்று சிரித்தார் எஸ்.ஐ.

"அப்ப மில்லுக்கு இவனை அனுப்பினது யாரு சார்?"

"அவனையே கேளுங்க."

கௌரவ்வா ஃபகீரப்பாவின் பக்கம் திரும்பினாள். அவன் கண் மூடியின் மேலேயே இருந்தது. இவனுக்கு இப்போது வேண்டியது கொஞ்சம் தைரியம், அவ்வளவுதான். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அவள் பக்கத்தில் போனாள்.

"ஃபகீரப்பா, நேத்து நீ மில்லுக்குப் போயிட்டு வந்த. சாகேப் அனுப்பித்தானே போன? பரவால்ல, பயப்படாம சொல்லு."

சொல்லிவிட்டு, அவனுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சிரித்தாள்.

சிரித்த அந்த நொடியிலேயே தன் தப்பு அவளுக்கு விளங்கிவிட்டது. பின்னால் மௌலாலி மூச்சை இழுத்துப் பிடிப்பது கேட்டது. ஃபகீரப்பாவின் முகத்திலிருந்த கலக்கமெல்லாம் துடைத்தெடுத்த மாதிரி போயிற்று. காலையிலிருந்து அவன் காத்திருந்தது அந்தச் சிரிப்புக்குத்தான். எல்லாம் அக்காவின் சோதனை, லாரி, போலீஸ், மூடி எல்லாமே சோதனை. குதிகால்களை ஒட்டி வைத்து, நெஞ்சை நிமிர்த்தி, அறை அதிர ஒரு சல்யூட் அடித்தான்.

"உயிரே போனாலும் கேட்டை விட்டு நகரமாட்டேங்க்கா! நேத்து காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் கேட்டுலதான் நின்னேன்!"

"டேய்..." என்றாள் கௌரவ்வா.

"கேட்டீங்களா பெட்டகேரி?" என்றார் ஹள்ளூர் மெதுவாக. "நின்னேங்கறான். நின்னா, லாரிய விட்டது அவன். இல்ல, மேடம் சொல்றபடி மில்லுக்கே போனான்னு வைங்க. அப்ப கேட்டைத் தொறந்து போட்டுட்டுப் போனது அவன். எப்படிப் பாத்தாலும் நமக்கு ஒண்ணுதான்."

எஸ்.ஐ. கை கழுவ எழுந்தார். தாசில்தார் கைபேசியில் யாரையோ அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தார். ஏஜென்சி முதலாளியின் குரல் வந்தது. "சாகேப், சொல்லுங்க சாகேப். கௌரவ்வா அங்க இருக்காளா? ஏம்மா, நம்ம ஒப்பந்தம் நீடிக்கறது சாகேப் கையெழுத்துல இருக்கு. அவரு என்ன சொல்றாரோ அதக் கேட்டுட்டு வந்து சேரு."

கௌரவ்வா தண்ணீர்க் குழாயடியில் நிற்கிற எஸ்.ஐ.யைப் பார்த்தாள். வெளியே போய்க் கத்தலாமா? யாரிடம்? இந்தக் கட்டடத்தில் முறையீடு கொடுக்க வேண்டிய அதிகாரி யாரென்றால், அது ஹள்ளூர்தான். ஏஜென்சியில் மேலே யாரென்றால், இப்போது கைபேசியில் பேசியவர்தான். போலீஸில் யாரென்றால், கையிலிருந்த வெண்ணெயைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருக்கிறார். கையில் இருப்பது ஒரு மூடி. அதை வைத்துக்கொண்டு ஒரு டப்பாவைத்தான் மூடலாம்.

"சார்" என்றாள். தன் குரல் இவ்வளவு சின்னதாக வரும் என்று அவளுக்கே தெரியாது. "மூடிய இங்கயே வச்சுட்டுப் போறேன். எங்கயும் காட்டமாட்டேன். அவனை மட்டும் விட்டுருங்க. ஸ்டேஷன் வேண்டாம்."

ஹள்ளூர் மூடியைத் தன் பக்கம் இழுத்து, கைக்குட்டையால் துடைத்தார். "நான் என்ன கல்நெஞ்சக்காரனா? பண்டிகை நாளும் அதுவுமா. பெட்டகேரி, பேர் தெரியாத ஆளுங்கன்னு எழுதிக்கங்க. ஆனா கௌரவ்வா, இவன் இனிமே உங்க ஏஜென்சியில எந்த வாசல்லயும் நிக்கக் கூடாது. நாளன்னிக்குப் புது ஆள அனுப்புங்க. கொஞ்சம் சுறுசுறுப்பானவனா பாத்து."

பிறகு டிராயரைத் திறந்தார். லாரி சாவியின் பக்கத்திலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். எள்ளும் வெல்லமும்.

"நாளைக்கு லீவு, இன்னிக்கே குடுத்துர்றேன். எடுத்துக்கங்க." அவர் சிரித்தார். "எள்ளு வெல்லம் தின்னு, நல்லதா பேசு."

சங்கராந்திக்கு வீட்டுக்கு வீடு சொல்கிற வார்த்தை. சின்ன வயதிலிருந்து ஆயிரம் பேர் வாயால் கேட்டிருக்கிறாள். எதிரி கொடுத்தாலும் வேண்டாமென்று சொல்லக் கூடாது. இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். வாயில் போட்டுக்கொண்டாள்.

வெளியே வெயில் சாய்ந்திருந்தது. நாய் இன்னும் அந்த மணலை விட்டு எழுந்திருக்கவில்லை. ஃபகீரப்பா அவர்கள் பின்னாலேயே வந்தான்.

"சட்டையையும் தொப்பியையும் குடுத்துட்டு வீட்டுக்குப் போப்பா" என்றாள் கௌரவ்வா, அவனைப் பார்க்காமல். மெல்லவும் முடியாமல், விழுங்கவும் முடியாமல் வெல்லம் கன்னத்தில் ஒதுங்கியிருந்தது.

அவன் ஒன்றும் கேட்காமல் பெஞ்சில் உட்கார்ந்து பொத்தான்களைக் கழற்றினான். சட்டையை மடிப்புக் கலையாமல் மடித்தான். மேலே பெல்ட்டையும் தொப்பியையும் வைத்தான். அவற்றின்மேல் விசிலை வைத்தான். ஓட்டை பனியனோடு எழுந்து, எல்லாவற்றையும் இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினான். மௌலாலிதான் வாங்கிக்கொண்டான். அவன் எப்போதும் இந்த இடத்தில் ஏதாவது சொல்வான். தலையைத் திருப்பி வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஃபகீரப்பாவின் முகத்தில் சந்தோஷத்தை அடக்கி வைத்த ஒரு மினுமினுப்பு இருந்தது.

"உள்ள அத்தனை பேரு இருந்தும் நான் வாயத் தொறக்கலை, பாத்தீங்களாக்கா? காலையில கொஞ்சம் பயந்துட்டேன். நெசமாவே ஏதோ ஆகிப்போச்சோன்னு. நீங்க சிரிச்சதும்தான் உசுரு வந்துச்சு." அவன் குரலைத் தணித்தான். "வேற கேட்டுக்கு மாத்தறீங்களாக்கா? எங்க போட்டாலும் பரவால்லைங்க. சோதனையில நான் பாஸ்தானேக்கா?"

கௌரவ்வா வாயைத் திறந்தாள். நல்லதாக ஒரு வார்த்தை சொல்லத்தான் நினைத்தாள். வெறும் காற்றுதான் வந்தது.